ரோசி வாந்தி எடுத்த கிறிஸ்துமஸ்

டிச. 23

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வேலை: கேக் நாலு, முந்திரிக்கொத்து, அச்சப்பம். பரணிச் சாடியில் ஊறிக் கிடந்த திராட்சை ஒயினை வடித்துக் குப்பியில் அடைத்தது. கையெல்லாம் ஊதா. சோப்புக்கும் போகவில்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டினேன். வருடா வருடம் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இந்த முறை எழுத்தில்.

ரோசிக்குக் கொடுக்கக் கூடாதவை:
சாக்லேட்
கேக் (கிஸ்மிஸ் உண்டு)
வெங்காயம் போட்ட எந்தக் கறியும்
வெந்த எலும்பு
ஒயின். ஆமாம், போன வருடம் ஒருவர் நாய்த் தட்டில் ஊற்றிச் சிரித்தார்.

இவர் வாசித்துவிட்டு, பள்ளிக்கூடத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே என்றார். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள் வேறு எப்படி இருப்பாள்.

சாயங்காலம் கொழுந்தன் ஸ்டீபன் வந்தான். துபாயிலிருந்து போன வாரம்தான் லீவு. மனைவி குளச்சலில் அவள் அம்மா வீட்டில். மகள் ஜெனி மட்டும் கூட. ஏழு வயது. பெட்டியில் பாதி சாக்லேட். பார்த்ததுமே எரிச்சல்.

டிச. 24

மழை விட்டது. ஈ வந்துவிட்டது.

வீடு நிறைய ஆள். எங்கும் எச்சில் தட்டு. இவருடைய பெரியப்பா மகன் மாட்டெலும்பைச் சப்பி, எச்சில் ஒழுக ஒழுக ரோசிக்கு நீட்டினார். தாளைக் காட்டினேன். "எங்க வீட்டு நாயி எல்லாந்தான் தின்னும். சாவல்ல" என்றார். கையைக் கழுவாமல் அப்படியே கேக் எடுத்தார். எனக்கு அந்தக் கேக் இனி வேண்டாம்.

ஜெனி ரோசியைவிட்டு நகரவில்லை. கையில் எப்போதும் ஒரு சாக்லேட், விரலெல்லாம் பிசுபிசு. இரண்டு தடவை கழுவிவிட்டேன்.

சமையலறையில் யாரோ மெதுவாக: "பிள்ள இல்லல்லா, நாயிதான் பிள்ள." காதில் விழுந்தது. விழாதது போல் முறுக்கு அடுக்கினேன். ஒன்பது வருடம் என் காலடியில் படுக்கிறவள். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள்.

டிச. 25

ஆராதனை முடிந்து வந்தால் முன்வாசலில் வாந்தி. மூன்று இடத்தில். கரும்பழுப்பு, வழவழவென்று, புளித்த நாற்றம். புதுச் சேலையின் கரை அதில். ரோசி மோட்டார் ரூம் பின்னால் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டதற்கு வால் மட்டும் ஆடியது. தண்ணீர் குடித்தாள், அதையும் கக்கினாள்.

சாக்லேட். வேறென்ன.

பந்தியில் வைத்தே கேட்டேன், யார் கொடுத்தது என்று. ஜெனி இல்லை என்று தலையாட்டினாள். நான் ஸ்டீபனைப் பார்த்துச் சொன்னேன்:

"வெளிநாட்டுலேருந்து வெஷத்தக் கொண்டு வந்து எனக்க வீட்டுல எறக்கியிருக்க. பிள்ளைய வளக்கவும் தெரியல்ல."

பதினாறு பேர் முன்னால். அவன் பாதி இலையில் எழுந்தான். சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு குளச்சல் பஸ் ஏறிவிட்டான். போகட்டும் என்றுதான் இருந்தது.

டாக்டருக்கு ஃபோன். நாளைக் காலை வரச் சொன்னாள், வாந்தியும் கொண்டுவர வேண்டுமாம். ஐஸ்கிரீம் டப்பாவில் கரண்டியால் அள்ளினேன். கரண்டியைத் தூரப் போட்டேன்.

டிச. 26

தக்கலை. நாய் டாக்டர் சின்னப் பெண். டப்பாவைத் திறந்து குச்சியால் கிளறினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"டீச்சர், இது சாக்லேட் இல்ல. திராட்சத் தோலு. கொட்ட கெடக்கு பாருங்க."

திராட்சை யார் கொடுத்தது என்று கேட்க வாயெடுத்து, நிறுத்தினேன்.

ஒயின் வடித்த சக்கை. இரண்டு வாளி. தென்னை மூட்டில், வேரடியில், கொட்டியது நான். எல்லா வருடமும் கொட்டுவதுதான், தென்னைக்கு உரம். மேலே மண் வெட்டிப் போடுவேன். இந்த முறை மழை, அவசரம், போடவில்லை. எனக்கு அது தின்கிற பொருளாகவே படவில்லை, அதனால் தாளிலும் இல்லை. கேக்கில் கிடக்கும் நாலு கிஸ்மிஸுக்குப் பயந்தவள்.

திராட்சை கிட்னியை அடிக்குமாம். மூத்திரம் போனால் பிழைப்பாள், போகாவிட்டால் கஷ்டம் என்றாள். டிரிப் ஏற்றி அங்கேயே வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தென்னை மூட்டில் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. மிச்சத்தில் ஈ. என் மேலேயே அருவருப்பு.

டிச. 27

இரண்டு தடவை தக்கலை. மூத்திரம் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள்.

இவரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு: "சாக்லேட்டுன்னே கெடக்கட்டும். இனி எதுக்குக் கிண்டணும்? அவன் ரெண்டு வாரத்துல துபாய் போயிருவான்."

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். அந்த டப்பாவில் அள்ளியதைவிட அந்த நிம்மதி நாறுகிறது.

ஸ்டீபனுக்கு ஃபோன் போட எடுத்தேன், வைத்தேன். மூன்று தடவை.

டிச. 28

நல்ல வெயில். காலை 9.20, ரோசி மூத்திரம் போனாள். டாக்டர் மேஜையெல்லாம் நனைந்தது. நானே துடைத்தேன், கையால். அருவருப்பே வரவில்லை. இன்னும் இரண்டு நாள் டிரிப், பிழைத்துக்கொள்வாள் என்றாள். அழுதேன்.

அங்கே வாசலில் நின்றே ஸ்டீபனைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். சக்கை, தென்னை மூடு, மண் போடாதது. தப்பு என்னுடையது, ஜெனி ஒன்றும் கொடுக்கவில்லை என்று.

"மைனி, அன்னைக்கு பஸ்ஸுல வச்சு அவள்ட்ட கேட்டேன். இல்லன்னு சொன்னா. வீட்டுக்கு வந்து கம்பெடுத்து அடிச்சேன். அப்பவும் இல்லன்னா. கொடுத்தேன்னு சொன்ன பெறவுதான் அடிய நிறுத்தினேன்."

பிள்ளையிடம் ஃபோனைக் கொடு என்றேன். கூப்பிட்டான். என் பெயரைச் சொன்னதும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாளாம்.