ஏழாம் பாடம் வந்து சேராதது பற்றி

அனுப்புநர்:
மு. சிவப்பிரகாசம்,
பட்டு நெசவாளர்,
கதவு எண் 31, புதுப் பாவடித் தெரு,
ஆரணி, வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொண்டைநாடு அஞ்சல்வழிக் கல்விக் கழகம்,
வேலூர்.

பொருள்: பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு, 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா' தாளின் ஏழாம் பாடம் வராததும், அதனால் ஒரு குடிசைக்கு ஏற்பட்டுள்ள நிலையும் – பாடத்தை உடனே அனுப்பக் கோருதல்.

பார்வை: எனது கடிதங்கள், நாள் 27-2-1984 மற்றும் 7-3-1984 (பதில் வரவில்லை).

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த 8-1-1984 ஞாயிறு காலை, எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் நாற்பத்திரண்டு குடும்பத் தலைவர்கள் கூடி, தெருவின் மேற்குக் கோடியில் உள்ள மரமுளையைப் பதினெட்டு அடி மேற்கே நகர்த்துவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தேங்காய் உடைக்கப்பட்டது. தெரு நாட்டாண்மை தனக்கோடி அவர்கள் மேற்குத் திசைக்குக் கற்பூரம் காட்டினார். முளையை அடித்தவன் நான்.

2. தங்களுக்கு நெசவு பழக்கமில்லாமல் இருக்கலாம். தறியில் ஏற்றும் முன் பாவு நூலைத் தெருவின் நீளவாக்கில் விரித்து, இரு முனையிலும் முளையில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி உலர்த்துவோம். ஒரு பாவுக்குப் பின்னால் இன்னொன்றாகக் காலையில் ஐந்து பாவுகள் விரியும். இந்த ஆண்டு சித்திரை முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டு வருபவர்கள் அதிகமானதால் ஆறாவது பாவுக்கு இடம் தேவைப்பட்டது; பதினெட்டு அடி குறைந்தது. கிழக்கே கடைத்தெரு. மேற்கே வாய்க்கால் புறம்போக்கு.

3. இதில் தங்கள் கழகத்தின் பங்கு பின்வருமாறு. தறிக் குழியில் இருப்பவனுக்குக் கை ஓயாது; புத்தகம் பிடித்துப் படிக்க முடியாது. ஆகவே ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பது எங்கள் தெரு வழக்கம். பல வருடங்களாகச் செய்தித்தாள் வாசிக்கப்பட்டது. சென்ற ஆண்டு முதல், தங்கள் மாணவரும் என் பக்கத்து வீட்டுக்காரருமான ஜெயவேல், தம் பாடங்களையே உரக்க வாசிக்கத் தொடங்கினார். செய்தித்தாளைவிட இதில் நம்பிக்கை அதிகமாக இருந்தது. இன்று எங்கள் தெருவில் ஈரி கால்வாய் எந்த ஆண்டு திறக்கப்பட்டது என்று தெரியாத நெசவாளர் ஒருவர் மட்டுமே இருக்கிறார்; அவருக்குக் காது கேட்காது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த பாடம் கேட்பவர்கள் வேண்டுகோளுக்கிணங்க மூன்று முறை வாசிக்கப்பட்டது.

4. ஆறாம் பாடம் எங்களைப் பெரிதும் பாதித்தது. மேற்கே நிலம் காலியாகக் கிடந்தது என்றும், ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டவனுக்கு நூற்றறுபது ஏக்கர் சொந்தமாயிற்று என்றும், நாட்டின் வளர்ச்சிக்கு அதுவே காரணம் என்றும் அதில் கண்டிருந்தது. தனக்கோடி அவர்கள் தறியை நிறுத்திவிட்டு, "அவனுங்க கடல் வரைக்கும் போய்ட்டானுங்க. நாம வாய்க்கா வரைக்கும் போறதுக்கு இன்னாத்துக்கு யோசிச்சிகினு இருக்கோம்? ஜல்தியா தீர்மானத்தப் போடுங்கய்யா" என்றார். அந்தத் தீர்மானமே முதல் பத்தியில் கண்டது.

5. மேற்கே காலியாக இருந்த இடத்தில் பொன்னியம்மாள் என்பவர் இருக்கிறார். வயது சுமார் அறுபது; ஒரு குடிசை, ஒரு கிணற்றடிக் கல், ஒன்பது ஆடுகள். அங்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறார். தீர்மானத்தின்போது இவரை யாரும் மறந்துவிடவில்லை. கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

6. விரித்த பாவை யாரும் தாண்டக் கூடாது என்பது எங்கள் தெருக் கட்டுப்பாடு. கல்யாண ஊர்வலமே நின்று போயிருக்கிறது. ஆறாவது பாவு இப்போது பொன்னியம்மாளின் வாசலை ஒட்டி விரிவதால், காலை ஒன்பது மணி வரை அவர் வெளியே வர இயலாது. அவர் கட்டுப்பாட்டை மதித்தார். ஆடுகள் மதிக்கவில்லை. 19-2-1984 அன்று அவற்றில் இரண்டு, உலர்ந்துகொண்டிருந்த பாவில் இருந்த கஞ்சியை முழங்கை நீளத்துக்கு நக்கிவிட்டன.

7. அடுத்த ஞாயிறு கூடிய கூட்டத்தில் பொன்னியம்மாளின் குடிசையை அகற்றும் பேச்சு எழுந்தது. அவரையும் அழைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மேற்கு நோக்கிய விரிவாக்கத்தை ஜெயவேல் அவருக்குக் கால் மணி நேரத்தில் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். பொன்னியம்மாள் முழுவதும் கேட்டுவிட்டு, "அல்லாம் சரி நைனா. அவுங்க போன எடத்துல என்னாட்டம் யார்னா குந்திகினு இருந்தாங்களா? இருந்தாங்கன்னா அவுங்கள இன்னா பண்ணாங்க?" என்று கேட்டார்.

8. ஜெயவேலைப் பாடக் கட்டை எடுத்துவரச் சொன்னார்கள். ஆறாம் பாடத்தை எடுத்துப் பார்த்ததில், கடைசி வரியில், "ஏற்கெனவே அங்கு வாழ்ந்துவந்த மக்களைப் பற்றி அடுத்த பாடத்தில் காண்போம்" என்று இருந்தது. அடுத்ததாகத் தபாலில் வந்தது எட்டாம் பாடம். அது, "இவ்வாறாக மேற்குப் பகுதி முழுவதும் குடியேற்றம் நிறைவுற்ற பின்" என்று தொடங்கி, இரயில் பாதைக்கும் எஃகு உற்பத்திக்கும் போய்விடுகிறது. 'இவ்வாறாக' என்றால் எவ்வாறாக என்பது ஏழாம் பாடத்தில் இருக்க வேண்டும்.

9. ஏழாம் பாடத்தைக் கேட்டு எழுதும்படி ஜெயவேலிடம் சொன்னேன். அவர், "அதுலருந்து பத்து வருசமா ஒரு கேள்விகூட வந்தது இல்லணா. நீ ஏன் சும்மா பேஜார் ஆவற?" என்றார். பரீட்சை எழுதுபவர் அவர். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆகவே மாணவர் அல்லாத நான் எழுத நேர்ந்தது. முளை அடித்தவன் என்ற முறையில் எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

10. நான் கேட்டுக்கொண்டதன் பேரில், ஏழாம் பாடம் வரும் வரை, அல்லது 25-3-1984 ஞாயிறு வரை, இரண்டில் எது முந்தியோ அதுவரை குடிசையைத் தொடுவதில்லை என்று கூட்டம் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தால் எல்லாத் தறிகளும் நிற்கின்றன. பொன்னியம்மாளும் பாவுக்கு அந்தப் பக்கம் நின்று, "வந்துச்சா நைனா?" என்று கேட்கிறார்.

11. பாடம் கைவசம் இல்லையெனில், கீழ்க்கண்ட மூன்றுக்கு மட்டுமாவது ஓர் அஞ்சலட்டையில் பதில் தரக் கோருகிறேன்:

(அ) அங்கு இருந்தவர்களிடம் யாராவது முன்கூட்டியே கேட்டார்களா?
(ஆ) அவர்களிடம் ஆடுமாடுகள் இருந்தனவா? இருந்தால் அவை என்ன ஆயின? (இது பொன்னியம்மாளின் கேள்வி.)
(இ) அவர்கள் எங்கே போனார்கள்?

12. ஏழாம் பாடம் அச்சாகவே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் தெரிவிக்கலாம். அச்சிடாத பாடத்தின்படி நாங்கள் ஏதும் செய்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அச்சிட்ட பாடங்களின்படி நாங்கள் ஒழுங்காகவே நடந்திருக்கிறோம்.

25-3-1984 ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் ஒரு வீடு நிற்கும். அதற்கான தபால் தலை ஒட்டிய உறை இத்துடன் உள்ளது.

இடம்: ஆரணி
நாள்: 17-3-1984

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மு. சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: சனிக்கிழமை நான் போவதற்குள் அஞ்சலகம் மூடிவிட்டதால், இம்மனு திங்கட்கிழமையான இன்று, 19-3-1984, பதிவுத் தபாலில் சேர்க்கப்படுகிறது. முகூர்த்த அவசரத்தை முன்னிட்டு முளை நேற்று குடிசையைத் தாண்டி மேலும் நாற்பது அடி நகர்த்தப்பட்டது. பொன்னியம்மாள் நேற்று மாலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு படவேடு சாலையில் மேற்கே சென்றார்.