பனிக்கு அடியில் எரிந்த விளக்கு

நவம்பர் 3, திங்கள்

பேட்டரி இன்றும் செத்தது. ஏரிக்கரைச் சாலையில் பாதித் தபால் பெட்டிகள் மிச்சம். நாள் முழுக்க நான்கு மூலை விளக்கையும் மினுக்கவிட்டபடி பெட்டி பெட்டியாக நின்று கடிதம் போட்டுக்கொண்டு போகிற வேலை. வண்டி என் சொந்த வண்டி. பல்புகளோ அதைவிடப் பழசு. பேட்டரியை உறிஞ்சித் தள்ளுகின்றன.

மாலையில் ட்வைட் உள்ளே கூப்பிட்டார். எங்கள் தபால் நிலையத்துக்கு அவர்தான் தலைமை. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார். யாரோ புகார் சொல்லியிருக்கிறார்களாம். பின்விளக்கு மங்கலாம், வளைவில் என் வண்டி நிற்பதே தெரியவில்லையாம்.

“பனி விழறதுக்குள்ள சரி பண்ணிடு மார்லிஸ். இல்லேன்னா இந்தத் தடத்தை வேற ஆளுக்குத்தான் குடுக்கணும். எனக்கும் வேற வழி இல்ல.”

சரி என்றேன். மார்ச்சிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன். உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போன என் கணவர் ரீனோ, பனிக்கட்டியில் போட்ட துளைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், எழவேயில்லை. விளக்கு, டயர், எண்ணெய் எல்லாம் அவர் இலாகா. தடமும் போய்விட்டால்? காலையில் எழுந்திருக்க எனக்கு வேறு காரணம் கிடையாது. கவலைப்பட வேண்டும் என்று தெரிகிறது. கவலை வரவில்லை.

நவம்பர் 4

எந்தப் பல்பு மங்கல் என்று திறந்து பார்த்தேன். எரிந்துகொண்டிருந்ததையே விரலால் திருகி இறுக்கினேன் போல. ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் பார்த்தேன்: கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம். எப்போது சுட்டது? வலித்திருக்க வேண்டுமே.

நவம்பர் 8, சனி

வேலை முடிந்து வந்தால் ஆர்வோ வாசலில் நிற்கிறான். ரீனோவின் தம்பி. கையில் எல்.இ.டி. பல்புகள் ஒரு டப்பா.

“மஞ்ச பல்பு காலமெல்லாம் மலையேறிப் போச்சு அண்ணி. இதைப் போடுங்க. பின்னாடி வர்றவன் கூலிங்கிளாஸ் மாட்டிக்கிட்டுத்தான் ஓட்டணும். பேட்டரியும் தீராது.”

“உனக்கு இதெல்லாம் மாட்டத் தெரியுமா?”

“வீடியோ பாத்தேன்.”

“அப்ப தெரியாது.”

மாட்டிவிட்டான். போட்டுப் பார்த்தால் நாலும் டிக்டிக்டிக்கென்று வெறி பிடித்ததுபோல் மினுக்கின. “புது பல்பு கரண்டே குடிக்க மாட்டேங்குதுல்ல? அதான் பல்பு செத்துட்டதா நெனச்சு வண்டி பதறுது” என்றான். பிறகு உள்ளே எதையோ கழற்றி வேறொன்றைச் சொருக, நிதானத்துக்கு வந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“தொட்டுப் பாருங்க அண்ணி. சூடே இல்ல. அத்தனையும் வெளிச்சம்.”

தொட்டேன். இல்லைதான். எனக்கு ஏற்ற பல்பு.

“அண்ணன் மட்டும் இதைப் பாத்திருந்தா...” என்று ஆரம்பித்தான். காபி ஆறுகிறது என்றேன். தபால் பெட்டியில் யாரோ எனக்கென்று வைத்திருந்த பாஸ்டியை, இறைச்சி அடைத்துச் சுட்ட பெரிய பணியாரத்தை, முழுசாகத் தின்றுவிட்டுப் போனான். நல்லது. இல்லாவிட்டால் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

நவம்பர் 10

ட்வைட் வெளியே வந்து பார்த்தார். “அம்மாடி! கிறிஸ்துமஸ் மரம் மாதிரியில்ல இருக்கு!” தடம் என்னிடமே இருக்கிறது. சந்தோஷப்படலாம்.

நவம்பர் 15

மான் வேட்டை தொடங்கியது. ஊரில் ஆண்கள் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் முன்பே இல்லை.

நவம்பர் 27

நன்றி சொல்லும் திருநாள். அக்கா வீட்டுக்கு நான் போகவில்லை. டப்பா சூப். போனில் ஜானெல் அக்காவின் குரலைக் கேட்டேன், எடுக்காமல் விட்ட பிறகு அவள் பேசிவைத்தது.

“ஏன்டி இப்படிப் பண்றே? பேச வேணாம், சிரிக்க வேணாம். சனிக்கிழமை நீராவிக் குளியலுக்கு சானா அடுப்பு மூட்டுறோம். சும்மா வந்து உக்காரு.”

இரண்டு தடவை கேட்டேன். திருப்பிக் கூப்பிடவில்லை.

நவம்பர் 28

ஏரிப் பக்கமிருந்து காலையிலேயே பனி கொட்ட ஆரம்பித்தது. ஈரப்பனி, ஒட்டுகிற வகை. விளக்கெல்லாம் போட்டுத்தான் கிளம்பினேன். டிக் டிக் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வளைவுக்கு அப்பால் இருக்கிற பெட்டி. ஸ்டீயரிங் இடது பக்கம், பெட்டிகள் வலது பக்கம்; அதனால் வழக்கம்போல வலது இருக்கையில் உட்கார்ந்து, இடது காலைக் குறுக்கே நீட்டி பிரேக்கை மிதித்திருந்தேன். கண்ணாடியில் மரக்கட்டை லாரி. பாரத்தோடு வருகிறது. அது நிற்கிற வேகம் இல்லை.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். காலைப் பக்கத்துப் பெடலுக்கு மாற்றினால் போதும், வண்டி முன்னால் போயிருக்கும். மாற்றவில்லை. அந்த வீட்டுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அது வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லாரி உரசாமல் விலகி, பள்ளத்தில் இறங்கி நின்றது. ஓட்டியவள் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். ஓடிவந்து கதவை அறைந்தாள்.

“பைத்தியமாடி உனக்கு? விளக்கு போடாம நடு ரோட்டுல நிறுத்தியிருக்கே! கொன்னிருப்பேன்டி உன்னை!”

“விளக்கு எரியுதே.”

“எங்க எரியுது? எறங்கி வந்து பாரு!”

சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள். வண்டியின் பின்பக்கம் முழுக்க வெள்ளைச் சுவர். அவள் முழங்கையால் வழித்தாள். விரற்கடைப் பனிக்குப் பின்னால், விளக்கு பளீர் பளீரென்று மினுக்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அப்படித்தான் எரிந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல்.

அவள் அப்படியே பனியில் உட்கார்ந்து அழுதாள். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

நவம்பர் 29

கால் அசையவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன்டி மார்லிஸ், ஏன் அசையல? சாகணும்னு நெனச்சியா? சத்தியமா இல்ல. இருக்கணும்னும் நெனக்கல — அவ்ளோதான். எதுவுமே நெனக்கல. இதுக்குப் பயப்பட வேணாமா ஒரு மனுஷி?

டிசம்பர் 1

விஷயம் ஆர்வோ காதுக்குப் போய்விட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு சமையலறையில் நின்றான்.

“சூடு இல்லாத பல்பு பனியை எப்படி அண்ணி உருக்கும்? பொறந்ததுலேர்ந்து பனி தள்ளிட்டிருக்கேன், இது என் மண்டையில ஏறலையே. அண்ணனை இழந்த இதே வருஷம் உங்களையும் நான்...”

“நிறுத்துடா. நானும் இங்கதான் பொறந்தேன். எனக்கு மட்டும் ஏறிச்சா? பழசையெல்லாம் என்ன பண்ணே?”

“உங்க காபி டப்பாவுலதான் போட்டு வெச்சேன். பேட்டரிக்குக் கவலைப்படாதீங்க, பெருசா ஒண்ணு கொண்டாந்திருக்கேன். இப்பவே மாத்திடறேன்.”

பேட்டரியை மட்டும் அவனை மாற்றச் சொன்னேன். பல்பு நானே போட்டுக்கொள்கிறேன், சனிக்கிழமை எனக்கு விடுப்பு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 3

பனி விடவில்லை. பெட்டிக்குப் பெட்டி யாராவது துடைப்பத்தோடு நிற்கிறார்கள். “அப்படியே நில்லு மார்லிஸ், பின்னாடி தட்டி விட்டுடறேன்.” லாரிக்காரி ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். பின்பக்கத்தைத் தட்டிவிட்டு, முன்னால் வந்து என் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறார்கள். கதவைத் திறந்து நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை முடிய இருட்டிவிட்டது.

டிசம்பர் 6, சனி

காபி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய பல்புகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைசி, இடது பின்விளக்கு. போட்டுப் பார்த்தேன். எரிந்தது, ஆனால் கோணலாக இருந்தது. அணைக்காமலே விரலால் திருகப் போனேன்.

“ஐயோ!”

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு நாய் குரைத்தது. கையை எப்போது இழுத்தேன் என்றே தெரியவில்லை. நான் சொல்லாமல் அதுவாகவே வந்துவிட்டது.

அன்று அசையாத கால் ஞாபகம் வந்தது.

விரலைப் பனியில் புதைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. விரலுக்குத்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் வாய் ரீனோ, ரீனோ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. மார்ச்சில் வர வேண்டிய அழுகை. வீட்டுக்குள் போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

“என்னடி ஆச்சு? ஏன் அழறே?”

“விரலைச் சுட்டுக்கிட்டேன்.”

“அதுக்கா இப்படி அழறே?”

“ரொம்ப வலிக்குதுக்கா. ரொம்ப வலிக்குது.”

அவளும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “அடுப்பு மூட்டியாச்சு. துண்டு எடுத்துக்கிட்டு வா” என்றாள்.

போனேன். வழியெல்லாம் பனி. அவள் வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுற்றிவந்து பார்த்தேன். நாலும் மஞ்சளாக, மங்கலாக எரிந்தன. அவற்றின் மேல் விழுந்த பனி தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது.

இப்போதுதான் திரும்பி வந்தேன். விரலில் கொப்புளம். பேனா பிடிக்க வலிக்கிறது.