அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அலைச்சல்தான் ஆளை உருக்குகிறது.

அரசாங்க ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளிடம் அதே நாற்பது கேள்விகளைக் கேட்கிறேன். கேட்டு எழுதலாம், உதவக் கூடாது, அதுதான் விதி. போன மாதம் ஒரு தையல்காரப் பெண்ணிடம், "அவசரம்னா யாரக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "யாருமில்லக்கா" என்றாள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட மனசு வரவில்லை. என் நம்பரை எழுதி, அவளிடமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, வலி வந்துவிட்டதென்று கூப்பிட்டாள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

"நீங்க உதவிட்டீங்கல்ல, இனி அவ ஆராய்ச்சிக் கணக்குல வரமாட்டா" என்று அதிகாரி அவள் படிவத்தைக் கிழித்துப் போட்டார். என் வேலைக்கு ஆபத்து ஒன்றுமில்லை, பயப்படாதே.

உன் பழைய நூல் புடவை இரண்டு அனுப்பு. ஒன்று அந்தக் குழந்தைக்கு விரிக்க. இன்னொன்று எனக்கு, சும்மா போர்த்திக்கொள்ள.

பஸ் வரும் நேரமாகிவிட்டது. வேலையில் சேரும்போது நான் கொடுத்த படிவத்திலும் அதே கட்டம் இருந்தது. உன் நம்பரைத்தான் எழுதியிருக்கிறேன். போனை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடாதே, அம்மா.

உன் மகள்