சண்டைக்காரியின் முட்டைகள்

மார்ச் 3
சண்டைக்காரியை நேற்று நாய் தூக்கிப் போய்விட்டது. கூட்டுக்குத் தாழ்ப்பாள் போட மறந்தது என் வீட்டுக்காரர். எங்கள் கோழிகளில் எல்லாரையும் கொத்துவது அவள் ஒருத்திதான், அதனாலேயே எனக்கு அவள் செல்லம். அவள் இட்ட ஒன்பது முட்டைகள் மிச்சம். மற்ற இரண்டு கோழிகளும் அடையில் உட்காராத சோம்பேறிகள்.

இவர் தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்துத் தந்தார். "ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவனுக்கு சூடு பண்ணத் தெரியாதா?" என்றார்.

"தாழ்ப்பாள் போடத் தெரியலையே," என்றேன். அதோடு பேச்சு நின்றது.

மார்ச் 5
பேச்சில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்குப் போகிறது. அவர் கூட்டை மூடிவிட்டு வந்த பிறகு நானும் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறேன்.

பெட்டியில் முப்பத்தெட்டு டிகிரி இருக்க வேண்டும். அவர் உள்ளே மேலே மாட்டிய தெர்மாமீட்டரையும் நான் நம்பவில்லை. வேறொன்று வாங்கி முட்டைகளுக்கு நடுவில் படுக்க வைத்தேன். முப்பத்தாறு! திருகைக் கொஞ்சம் கூட்டினேன்.

மார்ச் 6
காலையில் திருகைக் கூட்டினேன். சாயங்காலம் மறுபடி முப்பத்தாறு. என்ன பெட்டி இது?

மார்ச் 9
கூட்டினால் இறங்குகிறது. தையலில் மனம் போகவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலது கையாகவே வெட்டிவிட்டேன்.

இந்த முட்டைங்களும் போயிட்டா? அப்புறம் இவரை என்னால மன்னிக்கவே முடியாது. அதுதான் பயமா இருக்கு.

மார்ச் 11
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு முட்டைகளில் சிவப்பாக நரம்பு ஓடுகிறது. உயிர்! அவரும் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். முட்டையை அவருக்கும் தெரியும்படி கொஞ்சம் திருப்பிப் பிடித்தேன்.

மார்ச் 12
கையும் களவுமாகப் பிடித்தேன். சாப்பிட வந்தவர் நேராகப் பெட்டிக்குப் போய்த் திருகைக் குறைக்கிறார்!

"என்ன பண்றீங்க?"

"நாப்பதைத் தாண்டுதே. தினமும் குறைச்சுக்கிட்டே இருக்கேன்."

"அய்யோ, நான் தினமும் கூட்டிக்கிட்டே இருக்கேன்!"

அவருடைய தெர்மாமீட்டர் பல்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அது பல்பின் சூட்டைக் காட்டியிருக்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தோம், ஒரே அளவு காட்டின. இரண்டு பேர் சொன்னதும் சரி, இடையில் திண்டாடியது முட்டைகள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"முட்டைக்கிட்ட இருக்கிற சூடுதான் கணக்கு. உன்னோடதே இருக்கட்டும்," என்றார். முப்பத்தெட்டில் நிற்கும் இடம் பார்த்து, திருகில் தையல் சாக்பீஸால் கோடு போட்டேன். இனி யாரும் தொடக் கூடாது.

மார்ச் 19
முப்பத்தெட்டு. அசையவில்லை. நாங்கள் பேசுகிறோம், பெரும்பாலும் முட்டையைப் பற்றி.

மார்ச் 24
இன்று பொரிக்க வேண்டிய நாள். ஒரு சத்தமும் இல்லை.

"ஆரம்பத்துல சூடு பத்தாம கிடந்துச்சுல்ல, ரெண்டு நாள் தள்ளிப் போகும்," என்றார். தெரிந்து சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா?

மார்ச் 26
ஐந்து குஞ்சுகள்! முதலில் வந்தது, மேல் ஈரம் காய்ந்ததும் இவர் விரலை ஒரு கொத்து கொத்தியது.

"அப்படியே அவ அம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மே 2
குஞ்சுகள் இன்று முதல் கூட்டில். இருட்டியதும் இவர் போய் மூடிவிட்டு வந்தார். "தாழ்ப்பாள் போட்டுட்டேன்," என்றார்.

"சரி," என்று சொல்லிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.