பெரிய தொட்டியில் ஊற்றிய நாள்

நிலவுத் தென்முனை நிலையம். எழுதுபவர்: ரெக்ஸலின் பர்னாந்து, பாசி ஆய்வாளர். தனி ஆள்.

நாள் 61, 08:10
நான் மூச்சுவிடும் ஆக்சிஜனைத் தரும் முதல் தொட்டிப் பாசி நலம். இரண்டாம் தொட்டியில் கொஞ்சம் சோம்பல். ஆக்சிஜன் 20.8 விழுக்காடு. சரக்குக் கலத்தில் புதிய பாசி வகை வந்திருக்கிறது. விதிப்படி முப்பது நாள் சிறிய குடுவையில் வளர்த்துப் பார்க்க வேண்டும். குடுவையைக் கழுவி வைத்தேன்.

நாள் 61, 16:55
பூமியின் தரை நிலையத்திலிருந்து ததேயு அழைத்தான். கல்லூரித் தோழன், என் மகள் செரினுக்கு ஞானத்தகப்பன், இப்போது திட்டத் தலைவர்.
"ரெக்ஸி, வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு இங்க வருது, திரையில பாப்பாங்க. ரெண்டாம் தொட்டி பச்சைப்பசேல்னு இருக்கணும். குடுவையெல்லாம் வேண்டாம், நேரா தொட்டியில ஊத்து. பின்னேற்பு நான் வாங்கித் தாரேன். ஏதாவது ஆச்சுன்னா மீட்புக் கப்பல் ரெடியா நிக்கி. நாலே நாள்ல வந்துரும்."
எங்கள் அலுவலகத்தில் பாதி வேலை இப்படித்தான். முதலில் செய்வது, அனுமதிக் காகிதம் பிறகு. எனக்கும் புதிது என்றால் கை பரபரக்கும். பத்து நிமிடம்கூட யோசிக்காமல் ஊற்றிவிட்டேன்.

நாள் 64, 09:00
தொட்டி பச்சைப்பசேல். ஆக்சிஜன் 21.6. திரையில் பார்த்துக் குழுவினர் கைதட்டினார்களாம். சந்தோஷத்தில் இரண்டு கோப்பை தேநீர் குடித்தேன்.

நாள் 66, 07:30
நுரை. அழுகிய முட்டை நாற்றம். பொதுக் குழாய் வழியே முதல் தொட்டிக்கும் தொற்றிவிட்டது. இரண்டு தொட்டிப் பாசியும் செத்துவிட்டது. குடுவையில் வளர்த்திருந்தால் ஐந்தாம் நாள் ஒரு குடுவை நாறியிருக்கும், அவ்வளவுதான். ஊற்றியது என் கை. அதை மறைக்க மாட்டேன்.
உருளைகளில் ஆறு நாள் காற்று. கப்பல் கேட்டேன்.

நாள் 66, 13:15
ததேயு: "நான் ஊத்தச் சொன்னதா பதிவு எதுவும் இல்லையே ரெக்ஸி. குழு கேக்குது. நீயாத்தான் ஊத்துனன்னு எழுதிக் குடு. கடிதம் வந்த மறுநிமிஷம் கப்பல் கெளம்பும்."
என் பக்கப் பதிவைத் தேடினேன். அந்தப் பேச்சு மட்டும் இல்லை. தரையிலிருந்தே அழித்திருக்கிறார்கள்.
ஞானஸ்நானத்தன்று செரினைக் கையில் ஏந்தியவன்.

நாள் 67, 10:00
இந்த முறை அவசரப்படவில்லை. கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கப்பலை ஏவும் ஆணையின் நகல் கேட்டேன். எண், தேதி, முத்திரையோடு வந்தது. நேற்று இரவு முழுக்க யோசித்து, இன்று பெருவிரல் ரேகை வைத்து அனுப்பினேன். பட்டுத் திருந்திவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

நாள் 70, 11:20
கப்பல் வழியில் இருந்தால் அதன் சமிக்ஞை எனக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. ததேயுவைத் தாண்டி ஏவுதளத்தை நேரடியாக அழைத்தேன். குலாம் என்றொரு பொறியாளர் பேசினார்.
"எந்தக் கப்பல் மேடம்? அதோட எஞ்சினைக் கழட்டி நாலு மாசமாச்சே. ததேயு சார் கையெழுத்து போட்டுத்தான் கழட்டுனோம்."
நான்கு மாதம். என்னை ஊற்றச் சொன்னபோதே அவனுக்குத் தெரியும். கப்பல் ரெடி என்று வாய் கூசாமல் சொன்னான்.
துரோகி. இதற்கு வேறு சொல் தெரியவில்லை.

நாள் 72, 06:05
ஆக்சிஜன் 13. விரல் நீலம். தலைவலி.
இதைக் கண்டெடுப்பவருக்கு: கடிதத்திலுள்ள ரேகை என்னுடையது. கடிதம் பொய். அவசரக்காரி என்று என்னைப் பற்றி எழுதுவார்கள். எழுதட்டும், அது உண்மை. ஆனால் நிதானமாக நான் செய்தது ஒன்றே ஒன்று, அந்தக் கடிதம். செரினிடம் இதை

நாள் 72, 09:48
ததேயு அழைக்கிறான்.
"ரெக்ஸி, இருக்கியா? கப்பல் வேண்டாம்னு நீயே சொன்னதா ஒரு வரி போதும். வாயால சொன்னாக்கூடப் போதும்."
பேசினால் மூச்சு செலவாகும். அவனுக்கு ஒரு மூச்சுகூடத் தர