நிறுத்தி வைத்த காரில் வடிந்த 34 வீதம்

அனுப்புபவர்:
க. அருட்பிரகாசம்,
பஸ் டிப்போ இயந்திரப் பகுதி மேற்பார்வையாளர் (ஓய்வு),
கிழக்கு ஒழுங்கை,
மணற்கரை, யாழ்ப்பாணம்.

பெறுபவர்:
செயலாளர் அவர்கள்,
மணற்கரைப் பிரதேச சபை.

விடயம்: சபைக்கு அன்பளிப்பாகக் கிடைத்த சொகுசு மின்சார வாகனத்தை 2025.07.24 அன்று ஏலத்தில் விற்பதை நிறுத்துமாறும், அவ்வாகனம் பற்றித் தவறான மதிப்பீட்டு அறிக்கை எழுதியவர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறும் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தவறான அறிக்கையை எழுதியவர் நானே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைத்துத் தங்களை வாசிக்க வைப்பது மரியாதையல்ல. நாற்பத்தொரு வருடச் சேவையில் பிறர் மீது நான் எழுதிய புகார்கள் பல. என் மீது எழுதுவது இதுவே முதற்தடவை. எழுதத் தொடங்கிய பின் அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆளைப் பற்றிய விபரங்கள் எல்லாம் கைவசம் இருக்கின்றன.

2. தாங்கள் அறிந்தபடி, எமது ஊரில் பிறந்து ரொறன்ரோவில் வசிக்கும் திரு. லெனாட் அவர்கள், சிறுநீரக நோயால் காலமான தம் தாயாரின் நினைவாக இவ்வாகனத்தை வாங்கிச் சபைக்குக் கொடுத்தார். காரை விட உயரம், ஜீப்பை விடத் தாழ்வு. உள்ளே ஏறினால் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்று தெரியாத அளவுக்குச் சொகுசு. இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் எமது ஊர் நோயாளர் எட்டுப் பேரை, நாலு நாலு பேராக, இருபத்தெட்டுக் கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவதே அதன் வேலை. அந்த வேலைக்கு அது உகந்ததா என்று மூன்று நாள் ஓட்டிப் பார்த்து அறிக்கை தருமாறு சபை என்னைக் கேட்டது. டீசல் வாகனம் என்றால் அரைக் கட்டை தூரத்துக்கு அப்பால் வரும்போதே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லக்கூடியவன் நான். ஆகவே மின்சார வாகனத்தையும் சொல்லுவேன் என்று நானும் நம்பினேன், சபையும் நம்பியது. தவறு அங்கேயே தொடங்கியது.

3. முதலாம் நாள், யூன் 13, வெள்ளிக்கிழமை. பற்றரி நூறு வீதம். என் மனைவியைப் பின் இருக்கையில் நோயாளர் இடத்தில் இருத்தி, நல்லூர், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை என்று குடாநாட்டைச் சுற்றி, மாலையில் அச்சுவேலியில் என் மனைவியின் தம்பி பஞ்சலிங்கம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். 160 கிலோமீற்றர். செலவு 38 வீதம். வாகனத்தின் வேகம் பற்றி அறிக்கையில் "திருப்தி" என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தேன். உண்மையில் நடந்தது வேறு. பண்ணைப் பாலம் தாண்டிய நேர் வீதியில் யாரும் இல்லாததைப் பார்த்து, அறுபத்தாறு வயதில் செய்யக்கூடாத விதமாக மிதியை அமத்தினேன். சத்தமே இல்லாமல் வாகனம் பாய்ந்தது. மனைவியின் மடியில் இருந்த இடியப்பப் பெட்டி மடியில் இல்லை. "இனி உங்களோடை நான் ஏறினால் கேளுங்கோ" என்று அவர் சொன்னதை, பயணியின் கருத்து என்ற நிரலில் நான் பதியவில்லை. அதையும் இப்போது பதிகிறேன்.

4. நல்லூரில் ரியூசன் விட்ட நேரம். நாலு பக்கத்தாலும் சைக்கிள்கள் வந்தன. பக்கத்தில் ஆள் வந்தால் எச்சரிக்கும் கருவி பத்து நிமிடம் விடாமல் கத்தியது. "பதற்ற சுபாவம் உள்ள வாகனம்" என்று எழுதினேன். அதை வாபஸ் பெறுகிறேன். அது கத்தியபடியால்தான் இடப்பக்கக் கண்ணாடியில் தெரியாமல் வந்த ஒரு பிள்ளையை நான் கண்டேன்.

5. அன்று மாலை பஞ்சலிங்கம் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார்கள். கூழ் ஆறும் வரை, வாகனத்தின் விசேட அம்சம் ஒன்றை அவர்களுக்குக் காட்டினேன். சார்ஜ் ஏற்றும் துவாரத்தில் ஒரு அடப்டரைச் செருகினால், வாகனத்தின் பற்றரியில் இருந்து வீட்டுச் சாமான்களுக்கு மின்சாரம் எடுக்கலாம். மேசை விசிறியைப் பூட்டிக் காட்டினேன். கிறைண்டரைப் பூட்டிக் காட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரரும் வந்துவிட்டதால் எனக்குப் பெருமை கொஞ்சம் ஏறிவிட்டது. "உதென்ன, உங்கடை தோட்டத்து மோட்டரே இதிலை ஓடும்" என்று சொன்னேன். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு கூழ் குடிக்கப் போனோம்.

6. இரண்டாம் நாள், யூன் 14, சனிக்கிழமை, பரீட்சை ஓட்டம் இல்லை. பெரியபிள்ளையான என் பெறாமகள் ஆரபியின் சாமத்தியச் சடங்கு கோண்டாவிலில் நடந்தது. கார் நிறுத்த அங்கே இடமில்லை என்று, வாகனத்தைப் பஞ்சலிங்கம் வீட்டு மாமரத்தின் கீழ் விட்டு, நிழல் மாறினால் தள்ளி விடும்படி திறப்பையும் கொடுத்துவிட்டு, அவருடைய மனைவியோடு விடிய முன்னமே வான் ஒன்றில் போனோம். பஞ்சலிங்கம் மட்டும் வரவில்லை. தோட்டத்தில் வேலை என்றார். நிறுத்தும்போது பற்றரி 62 வீதம். குறித்து வைத்தேன்.

7. மூன்றாம் நாள் காலை கோண்டாவிலில் இருந்து திரும்பி வந்து பார்த்தால் 28 வீதம்.

8. ஐயா, ஒரு நாள் முழுக்கச் சும்மா நின்ற வாகனத்தில் 34 வீதம் இல்லாமற் போனால் ஒரு பழைய மெக்கானிக் என்ன நினைப்பான்? ஒழுகுகிறது என்று நினைப்பான். நானும் அதையே நினைத்தேன். வாகனத்தின் கீழே கடதாசி மட்டை விரித்து, குப்புறப் படுத்து, சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மின்சாரம் சொட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பத்தொரு வருடப் பழக்கம் என்னைக் கேட்கவில்லை. மட்டை காய்ந்திருந்தது. அதன் பின் பத்து வீதம் வரும் வரை இன்னும் 76 கிலோமீற்றர் ஓடி, மொத்தம் 236 என்று கணக்கை முடித்தேன். தயாரிப்பாளர் சொன்னதோ நானூற்றுக்கு மேல். அறிக்கையில் நான் எழுதிய வசனம் இதுதான்: "இவ்வாகனம் ஓடும்போது மட்டுமன்றி, நிறுத்தி வைத்திருக்கும்போதும் மின்சாரத்தை இழக்கின்றது. நோயாளர் சிகிச்சை முடியும் வரை நாலு மணித்தியாலம் காத்து நிற்க வேண்டிய சேவைக்கு இது உகந்ததல்ல." எழுதி முடித்துவிட்டு அந்த வசனத்தின் கம்பீரத்தை இரண்டு தரம் வாசித்தும் பார்த்தேன்.

9. அந்த ஒரு வசனத்தை நம்பித்தான் சபை வாகனத்தை விற்கவும், அந்தப் பணத்தில் சபை வாசலுக்கு அலங்கார வளைவு கட்டவும் தீர்மானித்தது. வளைவு மீது எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

10. உண்மை வெளிவந்த விதம்: சென்ற வாரம் அச்சுவேலிச் சந்தையில் பஞ்சலிங்கத்தைக் கண்டேன். வாகனத்தை விற்கப் போகிறார்கள், அது நின்ற இடத்தில் வடிகிற சாமான் என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். "அத்தான், அது வடியேல்லை. நாங்களெல்லே இறைச்சனாங்கள்!" என்றார்.

11. விளக்கம் பின்வருமாறு. பஞ்சலிங்கத்தின் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. அவர் உட்பட நாலு குடும்பத்துக்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவைதான் தண்ணீர் முறை வரும்; மற்ற நாட்கள் மற்றப் பங்காளிகளுடையவை. முறை நாளில் காலை ஆறு தொடக்கம் மாலை ஆறு வரை, ஆளுக்கு மூன்று மணித்தியாலம். அன்று இறைக்கத் தவறினால் அடுத்த முறை வரை வெங்காயம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். யூன் 14 அவர்களுடைய முறை நாள். அன்றுதான் திருத்த வேலைக்காக நாள் முழுவதும் மின்சாரம் நிற்பாட்டப்பட்டிருந்தது. முற்றத்தில் என் வாகனம் நின்றது; அதில் இருந்து வயர் இழுத்து மோட்டரை ஓட்டிவிட்டார்கள். மோட்டரே ஓடும் என்று முதல் நாள் மாலை அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னவன் நான். அடப்டரையும் கழற்றாமல் விட்டுப் போனவன் நான்.

12. அச்சுவேலிப் பக்கத்தில் மோட்டர் ஓடாத தோட்டத்துக்குப் பக்கத்து வளவில் இருந்து வயர் இழுத்துக் கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. எடுத்தவரும் வாயால் நன்றி சொல்லி அந்நியப்படுத்துவதில்லை, விளைந்ததில் கொஞ்சம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் காலை நான் மட்டை விரித்துப் படுத்திருந்தபோது, நாலு வீட்டில் இருந்தும் கத்தரிக்காய், பூசணிக்காய், கீரைப்பிடி, ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தன. பங்காளிகளில் ஒருவரான இரத்தினம்மா, வாகனத்தின் கீழே கிடந்த என்னைக் குனிந்து பார்த்து, "பாவம், நல்லாய் உழைச்சிட்டுது, பாருங்கோ பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அச்சுவேலிச் சனம் போல நல்ல சனம் இல்லை என்று மனைவிக்குச் சொல்லியபடி அத்தனை மரக்கறியையும் ஏற்றி வந்து, அந்தக் கத்தரிக்காய்க் குழம்போடு சாப்பிட்டுவிட்டுத்தான் மேற்படி அறிக்கையை எழுதினேன்.

13. திருத்திய கணக்கு: முதலாம் நாளும் மூன்றாம் நாளும் வாகனம் ஒரு வீதத்துக்கு ஏறத்தாழ 4.2 கிலோமீற்றர் ஓடியுள்ளது. இரண்டு நாளும் ஒரே அளவு. அன்றே அதைப் பார்த்திருந்தால் வாகனத்தில் பிழையில்லை என்று தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. பன்னிரண்டு மணித்தியாலம் மோட்டர் குடித்த 34 வீதத்தையும் ஓட்டமாக மாற்றினால் இன்னும் 143 கிலோமீற்றர். ஆகப் பத்து வீதம் மிச்சம் இருக்க 379. எட்டு நோயாளரையும் ஏற்றி இறக்க ஒரு நாளுக்கு நூற்றிருபது கிலோமீற்றர் போதும். நாலு தோட்டம் இறைத்த பிறகும் மறுநாள் ஓடிய வாகனத்தைத்தான் நான் பலவீனமானது என்று எழுதியிருக்கிறேன்.

14. இவ்வளவும் தெரிந்த பின்னும் நான் நாலு நாள் பேசாமல் இருந்தேன். அதையும் மறைக்கக்கூடாது. டிப்போவில் என்னிடம் தொழில் பழகியவர்கள் இன்று குடாநாடு எங்கும் கராஜ் வைத்திருக்கிறார்கள். மட்டை விரித்த கதை அவர்கள் காதுக்குப் போனால் நான் எந்தக் கராஜ் வாசலிலும் நிற்க முடியாது என்று வெட்கப்பட்டேன்.

15. ஐந்தாம் நாள், எமது ஒழுங்கையில் வசிக்கும் திருமதி தங்கமுத்து அவர்களிடம் போனேன். கடற்தொழிற் குடும்பம், வயது ஐம்பத்தெட்டு, செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர். முழுக் கதையையும் சொன்னேன். மட்டை விரித்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் கலைந்து ஓடின. அந்த உற்சாகத்தில், இதைவிடப் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது என்று, அந்த வாகனத்தில் இருக்கையைச் சூடாக்கும் வசதி உண்டு, யாழ்ப்பாணத்து வெயிலுக்கு யாருக்கு வேணும், "முற்றிலும் தேவையற்றது" என்று அறிக்கையில் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

16. "அண்ணை, இரத்தம் மிசினுக்குள்ளாலை போய் வந்தாப் பிறகு எனக்குக் குளிரிலை பல்லுக் கிட்டும். ஓட்டோவிலை ரெண்டு பக்கத்தாலையும் காத்து. இந்த வெயிலுக்கை கம்பளி போத்துக்கொண்டு வாறன் எண்டு ரோட்டாலை போற சனம் பாத்துச் சிரிக்கும்" என்றார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முச்சக்கரவண்டி குதிக்கும்போது முதுகு பிளப்பது போல் இருக்கும் என்றும், வீட்டு வாசலில் இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்குவார்கள் என்றும் சொன்னார். ஐயா, நான் அவருடைய அயலவன். செவ்வாயும் வியாழனும் சனியும் அந்த முச்சக்கரவண்டி என் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. கம்பளியைக் கண்டிருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் சேவைக் காலத்தில் செய்த எந்தப் பிழையும் எனக்கு இவ்வளவு நோகவில்லை.

17. சபைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது என்றும் அவரிடம் சொன்னேன். "பிழையெண்டால் பிழையெண்டு எழுதிக் குடுங்கோவன் அண்ணை. உங்களுக்கு ஒருநாள் வெக்கம். எனக்குக் கிழமையிலை மூண்டு நாள் முதுகு" என்றார். அன்று பின்னேரமே இம்மனுவை எழுதத் தொடங்கினேன்.

18. ஆகவே தங்களிடம் பணிவுடன் கோருவது:

(அ) என் அறிக்கையைச் சபைப் பதிவில் இருந்து நீக்கி, எழுதியவருக்கு எதிராகத் தாங்கள் தகுந்தது என்று கருதும் நடவடிக்கையை எடுக்கவும். இந்த வருடச் சபை விழாவில் எனக்குப் போர்த்துவதாகச் சொன்ன பொன்னாடையை வேறு யாருக்காவது போர்த்தலாம்.

(ஆ) நாலு பங்காளிகளும் தாம் இறைத்த நேரத்தைத் தனித்தனியே எழுதி ஒப்பமிட்ட கடிதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவர்கள் மீது எவ்விதக் குற்றமும் சுமத்தக்கூடாது. அவர்களுக்குச் சம்மதம் கொடுத்தது என் வாய்.

(இ) எதிர்வரும் 15 ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை, வாகனத்தை மீண்டும் ஒரு தடவை பரீட்சிக்க உத்தரவிடவும். வேறு ஊர்களைச் சுற்றத் தேவையில்லை. காலையில் இங்கிருந்து ஆஸ்பத்திரி, நாலு மணித்தியாலம் நிறுத்தி வைப்பு, பிறகு திரும்பி ஊர். சபையின் சாரதி ஓட்டட்டும். அடப்டரைத் தாங்களே அலுமாரியில் பூட்டி வைத்திருக்கலாம். பின் இருக்கையில் திருமதி தங்கமுத்து இருப்பார்; இருக்கையின் சூட்டை எவ்வளவில் வைப்பது என்பதை அவரே சொல்லட்டும். அறிக்கையையும் அவர் சொல்லச் சொல்லச் சபை உத்தியோகத்தர் ஒருவர் எழுதட்டும். நான் வரமாட்டேன்.

அந்தப் பரீட்சையில் வாகனம் தேறினால் ஏலத்தை நிறுத்துங்கள். தேறாவிட்டால் 24 ஆந் திகதியே விற்றுவிடுங்கள். நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். அப்படி விற்றாலும், அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு நாளாவது அவர் குளிராமல், முதுகு நோகாமல் வீடு வந்து சேர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) க. அருட்பிரகாசம்

இடம்: மணற்கரை
திகதி: 2025.07.07