ஒரு 'ன்' கூடுதல்

பிப்ரவரி 9

அன்புள்ள வாலுப் பயலுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் மட்டும் என்னோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. போனில் பேசினால் நீ 'ம்' கொட்டுவதோடு சரி, கடிதத்தில்தான் வாயைத் திறக்கிறாய். அதனால்தான் தபால்காரரை அலைய விடுகிறேன்.

உன்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்கிறவரைப் பற்றி மூன்று வருஷமாக எழுதுகிறாய். அவங்க சமைச்சாங்க, அவங்க லிஃப்ட் ரிப்பேருக்குப் போனாங்க, அவங்களுக்குச் சளி. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற பெண்! பஸ் ஓட்டுகிற எனக்கு வேறென்னடா வேண்டும்? டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தாயிற்று. மே மாதம் லீவுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வா.

என் பஸ்ஸில் இப்போது ஒரே பாட்டுதான். காலேஜ் பிள்ளைகள் ஏறும்போதே "அக்கா, சாவிப் பாட்டு!" என்று கத்துகிறார்கள். "வீட்டுக்கு ரெண்டு சாவி, ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட" என்று ஒரு பையன் உருகுகிறான். 'அவகிட்ட' என்று பாட வேண்டியது, பாவம், ஒரு 'ன்' கூடுதலாக விழுந்துவிட்டது. இத்தனை பேர் கேட்கிறார்கள், ஒருத்தராவது திருத்த வேண்டாமா? நான் திருத்தித்தான் பாடுகிறேன்.

உன் அம்மா

பிப்ரவரி 21

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. டாக்டரிடம் போ என்றால் நீ போகமாட்டாய், தெரியும்.

இங்கே வேலை தலைக்கு மேல். ஒரே வாரத்தில் பன்னிரண்டு பொய்ப்பல் செட் செய்து கொடுத்தேன். ஒருவருக்கு, அவருடைய பழைய பல்லில் இருந்த இடைவெளி புதிதிலும் வேண்டுமாம். அது இல்லாவிட்டால் விசில் வராதாம். பல் பதிக்கிற மெழுகு அச்சைச் சுரண்டி இடைவெளி வைத்துக் கொடுத்தேன்.

மே மாதம் நான் மட்டும்தான் வருவேன் என்று நினைக்கிறேன். அவங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம்.

அந்தப் பாட்டை நாங்களும் தினமும் கேட்கிறோம். பாடுகிறவன் தப்பாகப் பாடவில்லை, அம்மா. இன்னொரு தரம் நன்றாகக் கேட்டுப் பார்.

உன் வாலு

மார்ச் 8

வாலு,

உன் கடிதம் வந்த மறுநாளே என் மானம் கப்பலேறியது. முன் சீட்டுப் பெரியவர் ஒருவர், தினமும் மனைவியோடு வருகிறவர், "ஆம்பளைக்கு ஆம்பளை பாடுற பாட்டு. நிறுத்தும்மா" என்றார். "பாடுறவன் தப்பா பாடிட்டான் சார், அதான் நான் திருத்திப் பாடுறேன்ல" என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து, "தப்பில்லக்கா, அது அவன்தான். அவனோட ஆளு" என்றாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பாட்டை அணைத்துவிட்டேன்.

மறுநாளும் போடவில்லை. பிள்ளைகள் சண்டைக்கு வரவில்லை. ஒருத்தி மெதுவாக முணுமுணுத்தாள், அடுத்த ஸ்டாப்புக்குள் பஸ் முழுக்கப் பாடியது. பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், அவர் வீட்டம்மாவோ பக்கத்திலேயே காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானே போட்டுவிட்டேன்.

எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. ஒருத்தன் வேலைக்குப் போகிறான், இன்னொருத்தன் அவன் வருகிறானா என்று ஜன்னலில் பார்க்கிறான். இதில் முகம் சுளிக்க என்ன இருக்கிறது என்று தேடினேன், கிடைக்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஒரு இடத்தில்கூட 'அவள்' இல்லை. அதை நானாகத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன், அவங்க யாருடா?

அம்மா

மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

அவங்க, அவன்தான்.

நான் அந்த 'ங்க' போட்டது மரியாதைக்கு இல்லை, பயத்துக்கு. உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயம். அவன் இங்கே லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட நன்றாகச் சமைப்பான், குறட்டை விடுவான். நான் உனக்கு எழுத உட்கார்ந்தால் "இந்த வாட்டியாவது நான் ஆம்பளையா?" என்று கிண்டல் செய்வான். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் பதினைந்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒன்றா, இரண்டா என்று நீதான் சொல்ல வேண்டும். ஒன்று என்றாலும் வருவேன், அம்மா. கோபித்துக்கொண்டு வராமல் இருக்கமாட்டேன்.

உன் வாலு

ஏப்ரல் 5

அன்புள்ள வாலுவுக்கும் அவனுக்கும்,

இரண்டு.

முதலில் திட்டிவிடுகிறேன். மூன்று வருஷம் பெற்றவளிடம் பயந்தாயா? நான் என்ன, பேயா பிசாசா? திட்டிவிட்டேன். பஸ் கழுவுகிற இடத்தில் நின்று கொஞ்சம் அழவும் செய்தேன். நீ தனியாகப் பயந்துகொண்டிருந்தாயே என்றுதான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அந்தப் பாட்டு மட்டும் காதில் விழுந்திருக்காவிட்டால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன செய்திருப்பேனோ, நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

டிப்போவில் தம்பட்டம் அடித்தவள் நான்தானே, நானே திருத்த வேண்டாமா? முதலில் என் பஸ் கண்டக்டரிடம் போய்ச் சொன்னேன். "நான் சொன்ன லிஃப்ட் மெக்கானிக் பொண்ணு இல்லப்பா, பையன். எம்பையனோட ஆளு." மனுஷன் டீயைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். அப்புறம், "வர்றப்போ நம்ம ஆபீஸ் லிஃப்ட்டக் கொஞ்சம் பாக்கச் சொல்லுக்கா, ஆறு மாசமா படியேறி உசுரு போகுது" என்றார்.

குறட்டை விடுகிறவனுக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில்.

கவரில் ஒரு சாவி வைத்திருக்கிறேன், நம் வீட்டுச் சாவி. உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. இது அவனுக்கு.

உங்கள் அம்மா